சத்தம் போடாத பிழைகள்

எங்கள் துறையில் தினமும் முதல் செவிப் பரிசோதனை எங்களுக்கேதான். காலை எட்டரை மணிக்கு, நோயாளிகள் வருவதற்கு முன், ஒவ்வொரு ஒலிபுகா அறையிலும் ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வொரு ஒலியையும் மிக மெல்லிய அளவில் வைத்துக் கேட்பார். ஒயரை முறுக்கிப் பார்ப்பார். கரகரப்பு வருகிறதா, இடது பக்கம் வரவேண்டிய ஒலி வலது பக்கம் கசிகிறதா என்று கவனிப்பார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் கதவு திறக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இரண்டாம் வாரமே என்னிடம் கேட்பார்கள்: "மெஷினுக்குத்தான் வருஷா வருஷம் சர்டிபிகேட் வாங்குகிறோமே, தினமும் எதற்கு அக்கா?" ஆண்டுக்கொரு முறை அளவுத்திருத்தம் செய்த கருவியின் ஒயர் அடுத்த செவ்வாய்க்கிழமையே உள்ளுக்குள் அறுந்துபோகலாம். அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு காது கொஞ்சம் மந்தம் என்று தாளில் பதிவாகும். யாரும் வந்து சண்டை போடமாட்டார்கள். தாளில் இருப்பதை எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

நான் திருச்சிக்காரி. சென்னையில் செவித்திறன் இயலும் பேச்சு மருத்துவமும் படித்தேன். மேற்படிப்புக்கு சவுத்தாம்ப்டன் வந்து, இங்கிலாந்திலேயே தங்கிவிட்டேன். இப்போது லண்டனின் வடமேற்கில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் ஆடியாலஜி துறைக்குத் தலைவி. எனக்குக் கீழே நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். பெரியவர்கள் பிரிவு, குழந்தைகள் பிரிவு, தலைச்சுற்றலுக்கும் உடல் சமநிலைக்கும் ஒரு பிரிவு, கருவி பழுதுபார்க்கும் ஜன்னல். காது மூக்கு தொண்டை நிபுணர்கள் பக்கத்து வராந்தாவில். அவர்கள் அறுவை செய்கிறவர்கள், நாங்கள் அளக்கிறவர்கள். ஊரில் இதைச் சொன்னால், "அப்போ நீ டாக்டருக்கு அசிஸ்டென்டா?" என்பார்கள். இங்கே இது தனி அறிவியல் பணி. துறைக்குத் தலைமை தாங்குவதும் அந்தப் பணியில் வளர்ந்தவர்தான்.

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, எல்லோரும் என்எச்எஸ் என்று சொல்வது, 1948 ஜூலையில் தொடங்கியது. காது கேட்கும் கருவி அன்றிலிருந்தே இலவசம். முதல் கருவிக்கு மெட்ரெஸ்கோ என்று பெயர். சட்டைப்பையில் ஒரு பெட்டி, காதுக்கு ஒரு ஒயர். இன்று காதுக்குப் பின்னால் தொங்குவது சுண்டுவிரல் அளவு கூட இல்லாத கணினி. தனியார் கடையில் ஒரு ஜோடிக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்பார்கள். இங்கே கருவி, பேட்டரி, பழுதுபார்ப்பு எதற்கும் காசில்லை. கருவி நோயாளிக்குக் கடனாகத் தரப்படுகிறது, அவ்வளவுதான். நாடு முழுவதற்கும் மொத்தமாகப் பேரம் பேசி வாங்குவதால் அரசுக்குக் கட்டுப்படியாகிறது. பேட்டரிக்கென்று ஒரு சிறு பழுப்பு நிறப் புத்தகம் உண்டு. என் நோயாளிகளில் பலர் பாஸ்போர்ட்டைத் தொலைத்தாலும் அதைத் தொலைக்கமாட்டார்கள்.

துறைத் தலைவி என்றால் என்ன செய்வாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பாதி நாள் எண்களோடு, மீதி நாள் எண்களில் வராதவற்றோடு. மேலிடம் எங்களை அளக்கும் முதல் எண் ஆறு வாரம். பரிசோதனைக்குக் கடிதம் வந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் 100 பேரில் 99 பேரைப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், அது இல்லையென்றால் முதியவர்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் அந்தக் கடிகாரம் பரிசோதனை முடிந்ததும் நின்றுவிடுகிறது. கருவி வாங்கிப்போனவர் அதைப் போடுகிறாரா, காது அச்சு உறுத்துகிறதா, நான்கு ஆண்டுக்கு முன் எடுத்த அளவு இன்னும் பொருந்துகிறதா, இதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. பணம் குறையும்போது ஒரு துறைத் தலைவருக்கு வரும் முதல் சபலம், கணக்கில் வராத வேலையைக் குறைத்து, கணக்கில் வரும் வேலையைக் கூட்டுவது. அட்டவணையில் துறை பச்சையாக மின்னும். நோயாளியின் மேசை இழுப்பறையில் கருவி தூங்கும்.

மூக்குக் கண்ணாடியின் பவர் தப்பென்றால் அன்று மாலையே தலை வலிக்கும், மறுநாள் கடைக்காரரிடம் போய் நிற்போம். செவியில் அப்படி நடப்பதில்லை. கேட்காமல் போன சொல் கேட்காமல் போனதாகவே தெரியாது. எண்பது வயதுக்காரர் மற்றவர்கள்மேல் பழிபோடுவார். பிறந்த குழந்தைக்கோ புகார் சொல்ல வாயே இல்லை. ஆகவே இந்தத் துறையில் தவறு தானாக வந்து கதவைத் தட்டாது. தேடிப் போக வேண்டும். என் வேலையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அதுதான்.

குழந்தைகள் பிரிவில் இது எப்படி என்று சொல்கிறேன். இங்கிலாந்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் சில வாரங்களுக்குள் செவிப் பரிசோதனை உண்டு. 2001-ல் சில இடங்களில் தொடங்கி, 2006-க்குள் நாடு முழுக்கப் பரவிய திட்டம். காதுக்குள் மென்மையான முனையை வைத்து 'டிக் டிக்' என்று ஒலி அனுப்புவார்கள். நல்ல உட்காது அந்த ஒலிக்குப் பதிலாகத் தானே ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். காது கேட்பதோடு நில்லாமல் ஒலிக்கவும் செய்கிறது என்பதை 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர் காட்டியபோது பலர் நம்பவில்லை. இன்று உலகெங்கும் தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தைகளுக்கு நடக்கும் பரிசோதனை அவர் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு நிரந்தரக் குறை இருக்கும். இரண்டு நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளிடம் அது பல மடங்கு கூடுதல்.

முதல் கட்டத்தில் தெளிவான பதில் வராத குழந்தை நான்கு வாரத்துக்குள் எங்களிடம் வந்துவிட வேண்டும். இங்கேதான் உண்மையான வேலை. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் 'பெரா டெஸ்ட்' என்பார்கள், இங்கே ஏபிஆர். நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, குழந்தை தூங்கும்போது ஒலியை அனுப்பி, செவி நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை அது கிளப்பும் மின்சாரத்தைப் பதிவு செய்வது. அந்த மின்சாரம் மிகமிகச் சிறியது. மூளையின் மற்ற வேலைகள், கழுத்துத் தசை, அறையின் விளக்கு எல்லாம் அதைவிடப் பெரிய இரைச்சல். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை ஒரே இடத்தில் நின்று ஆயிரம் தடவை 'அம்மா' என்று கூப்பிட்டால் மட்டுமே காதில் விழும் என்று வையுங்கள். அதுபோல ஒரே ஒலியை ஆயிரக்கணக்கான முறை அனுப்பிச் சராசரி எடுக்கும்போதுதான் திரையில் ஒரு சிறு மேடு எழும். அதை ஐந்தாம் அலை என்போம். ஒலியைக் குறைத்துக்கொண்டே போக, எந்த அளவில் அந்த மேடு மறைகிறது என்று பார்க்க வேண்டும்.

மேடு இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது மனிதக் கண். சிக்கல் அங்கேதான். குழந்தை லேசாக நெளிந்தாலே திரையில் மேடுபோல் ஏதாவது எழும். பார்க்கிறவர் மனதில் "இந்தக் குழந்தைக்குக் கேட்கட்டுமே" என்ற ஆசை இருந்தால் அந்த இரைச்சல் அலையாகத் தெரிந்துவிடும். வெளியே காத்திருக்கும் தாயிடம் நல்ல செய்தி சொல்ல யாருக்குத்தான் ஆசை இருக்காது? "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டால் அந்தக் குழந்தை திரும்பி வர மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதற்குள் பேச்சு வரவேண்டிய காலம் போய்விடும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் எடின்பரோவையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துக்கொள்ளும் லோதியன் சுகாதாரப் பிரிவில் இப்படித்தான் நடந்தது. தங்கள் குழந்தையின் கடுமையான செவிக்குறையை ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கவில்லை என்று ஒரு குடும்பம் குறைதீர் அதிகாரியிடம் போனது. 2021-ல் அவர் புகாரை உறுதி செய்தார். பிறகு பிரிட்டிஷ் அகாடமி ஆஃப் ஆடியாலஜி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பழைய பதிவுகளைப் பிரித்துப் பார்த்தது. 155 குழந்தைகளின் விஷயத்தில் பெரிய தவறுகள். செவிக்குறை உறுதியான சராசரி வயது இங்கிலாந்தில் 109 நாள். அங்கே நாலரை ஆண்டு. சில குழந்தைகளுக்கு, உட்காதுக்குள் மின்முனை பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்க உகந்த காலம் கடந்துவிட்டிருந்தது. ஏபிஆர் படிக்கச் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை, ஒருவர் படித்ததை இன்னொருவர் பார்க்கவில்லை, துறைக்கு அறிவியல் தலைமை இல்லை என்று அறிக்கை சொன்னது. அந்தக் கடைசிச் சொற்களை வாசித்த அன்று நாட்டிலுள்ள என்னைப் போன்ற தலைவர்கள் எல்லோரும் கொஞ்சநேரம் பேச்சில்லாமல் இருந்திருப்போம் என்று நினைக்கிறேன். பிறகு இங்கிலாந்திலும் பல இடங்களில் பழைய பதிவுகளைத் திரும்பப் பார்க்கும் வேலை தொடங்கியது.

எங்களிடம் இப்போது ஒரு ஏபிஆர் பதிவும் ஒரே கண்ணோடு முடிவதில்லை. பரிசோதித்தவரின் முடிவை மறைத்துவிட்டு, வெறும் அலைகளை மட்டும் இன்னொருவரிடம் கொடுப்போம். வேறு மருத்துவமனையில் இருப்பவருக்கும் அனுப்புவோம், ஏனென்றால் ஒரே அறையில் டீ குடிக்கிறவர்கள் ஒரே மாதிரி தப்பு செய்யப் பழகிவிடுவார்கள். இருவர் முடிவும் ஒத்துப்போகாவிட்டால் குழந்தையை மறுபடி வரவழைப்போம். இதில் ஈகோ பிரச்சினை வராமல் இருக்குமா? வரும். இருபது ஆண்டு அனுபவசாலியின் பதிவை நேற்று வந்தவள் "இது அலை இல்லை" என்று சொன்னால் முகம் சுருங்கத்தான் செய்யும். அதனால் வியாழக்கிழமைக் கூட்டத்தில் முதல் பதிவாக எப்போதும் என்னுடையதையே போடுகிறேன். நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு மற்றவர்களுக்குக் கொஞ்சம் எளிது.

பெரியவர்கள் பிரிவின் தவறுகள் இத்தனை கொடுமையானவை அல்ல. ஆனால் எண்ணிக்கையில் அதிகம். வயதாக ஆக முதலில் போவது கீச்சு ஒலிகள். உயிரெழுத்துகள் கனமானவை, காதில் விழுந்துவிடும். ச, த, க போன்றவற்றின் மெல்லிய உரசல்தான் தொலையும். 'பத்து' என்றது 'கத்து' என்றோ 'சத்து' என்றோ கேட்கும். "சத்தம் கேட்குது, சொல்லு புரியலை" என்று பெரியவர்கள் சொல்வது அப்படியே மருத்துவ உண்மை. நாம் பதிலுக்குக் கத்துகிறோம். கத்தும்போது உயிரெழுத்துதான் பெரிதாகிறதே தவிர, தொலைந்த உரசல் திரும்புவதில்லை.

கருவியை ஆடியோகிராமுக்கு, அதாவது பரிசோதனையில் கிடைத்த செவித்திறன் வரைபடத்துக்கு, ஏற்பக் கணினியே அமைத்துவிடும். ஆனால் அது கற்பனையான ஒரு சராசரிக் காதுக்கு. நிஜக் காதுக்குழாய் ஒவ்வொருவருக்கும் நீளத்திலும் வளைவிலும் மாறும். அதனால் நூல்போன்ற ஒரு குழாயைச் செவிப்பறை அருகே செலுத்தி, கருவி அங்கே உண்மையில் எவ்வளவு ஒலியைக் கொண்டுசேர்க்கிறது என்று அளக்க வேண்டும். சில நிமிட வேலை. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். உலகில் எங்கே காது மெஷின் வாங்கினாலும், "என் காதுக்குள் அளந்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.

இன்னொரு வசதி, கருவி தன் நாட்குறிப்பைத் தானே எழுதிக்கொள்ளும். தினம் சராசரி எத்தனை மணிநேரம் போட்டார் என்பது கணினியில் வரும். ஹாரோ, வெம்பிளிப் பக்கம் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எனக்கு அவர்களோடு நல்ல பழக்கம். ஒரு ஐயா, மகளோடு வந்தார்.

"எனக்குக் காது வடிவாக் கேக்குது பிள்ளை. இவையள்தான் வாய்க்குள்ள கதைக்கினம்."

"மெஷின் தினமும் போடுறீங்களா ஐயா?"

"காலமை போட்டா இரவுதான் கழட்டுறனான்."

திரையில் நாளொன்றுக்கு அரைமணி கூட இல்லை. அந்த எண்ணை நான் அவருக்குக் காட்டுவதில்லை, மகள் எதிரில் நிச்சயம் காட்டமாட்டேன். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போவதுண்டா என்று கேட்டேன்.

"கோயிலுக்கோ? மேளம் அடிக்கேக்க மண்டை பிளக்குது பிள்ளை. அண்டைக்குக் கழட்டி வைச்சனான்."

விஷயம் வந்துவிட்டது. பழுதான உட்காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பெரிய ஒலி மற்றவர்களைப் போலவே, சிலநேரம் இன்னும் கூடுதலாக, தாக்கும். நடுவில் இருக்கும் இடம் குறுகிப்போயிருக்கும். தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக எழும்போது கருவி எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்ற உச்சவரம்பைக் குறைத்து, இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றும் போட்டுக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துக் கணினி ஏழு மணிநேரம் காட்டியது. பரிசோதனைக்கான ஆறு வாரக் கணக்கில் இந்த வருகை வராது.

மொழி இன்னொரு சங்கடம். பேச்சுப் பரிசோதனைக்கு நாங்கள் வைத்திருக்கும் சொற்பட்டியல்கள் ஆங்கிலத்தில். ஓரசை ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பாட்டி தப்பாகத் திருப்பிச் சொன்னால் குறை காதிலா மொழியிலா என்று எப்படிப் பிரிப்பது? அதனால் அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மதிப்பெண்ணைத் தாளில் எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க விடுவதும் இல்லை. "அம்மாவுக்கு ஃபோன்ல பேச முடியலை, அதுதான் பிரச்சினை" என்று மகன் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டால் அந்த அம்மாவுக்குக் கவலை ஃபோன் அல்ல, பேரக்குழந்தை மழலையில் சொல்வது புரியவில்லை என்பது.

ஃபோன் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த நாட்டில் எத்தனையோ ஆடியாலஜி துறைகளைத் தொலைபேசியில் மட்டுமே அணுக முடிந்த காலம் ஒன்று உண்டு. காது கேட்காதவர்களுக்கான துறை, "அழைத்துப் பேசுங்கள்" என்று கடிதம் அனுப்பும்! 2016-லிருந்து ஒவ்வொருவருக்கும் ஏற்ற வழியில் தகவல் தரவேண்டும் என்பது கட்டாய விதிமுறை. குறுஞ்செய்தி, மின்னஞ்சல், தேவைப்பட்டால் சைகைமொழி பெயர்ப்பவர். காத்திருக்கும் அறையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்தி, நேரே போய் முகத்துக்கெதிரே நின்று அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கு இரண்டு வாக்கியங்கள் மட்டும் மனப்பாடம். "நேற்று எழுந்தபோது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை" என்று யார் சொன்னாலும் தேதி கொடுக்கக்கூடாது, அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அது குரும்பியாக இருக்கலாம், ஆனால் உட்காது பாதிப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சைக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். இரண்டாவது, "குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்து குணமானது." பாக்டீரியாவால் வரும் மூளை உறைக் காய்ச்சலுக்குப் பிறகு உட்காதின் சுருளுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடக்கூடும். அடைத்தபின் இம்ப்ளான்ட் மின்முனையை உள்ளே செலுத்துவது மிகவும் கடினம். அந்தக் குழந்தைக்கு வரிசை கிடையாது.

திருச்சியிலிருந்து உறவினர்கள் அழைத்தால் இப்போதெல்லாம் கேட்பது, "மெஷின் போட்டா ஞாபக மறதி வராதாமே?" விளம்பரங்களின் வேலை. நடுவயதுச் செவிக்குறை டிமென்ஷியாவுக்கான, மாற்றக்கூடிய பெரிய காரணங்களில் ஒன்று என்று லான்செட் ஆணையம் சொல்லியிருப்பது உண்மை. 2024 அறிக்கையில் அதன் பங்கு 7 சதவீதம். ஆனால் கருவி போட்டால் மறதி நிற்குமா என்று அமெரிக்காவில் மூன்றாண்டு சோதித்த அச்சீவ் ஆய்வில், 2023-ல், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. முன்பே ஆபத்து அதிகமாக இருந்த முதியவர்களிடம் மட்டும் மூளைத்திறன் சரிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பயமுறுத்தி விற்கிறவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் படிப்பார்கள். பேத்தியோடு பேசுவதற்காகப் போடுங்கள் பெரியம்மா, அது போதும் என்பேன்.

குழந்தை பற்றிக் கேட்பவர்களிடம் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் செலவில்லாமல் வைக்கிறார்கள், பெரிய விஷயம். ஆனால் அந்த வாசல் வரை குழந்தை சிறு வயதிலேயே போய்ச்சேர வேண்டும். "அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்கிற வீடுகளில்தான் பிள்ளைகளுக்குக் காலம் கடந்துபோகிறது. பரிசோதனை 'நார்மல்' என்று சொன்னாலும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் மறுபடி கேளுங்கள், அலைகள் உள்ள தாளையே கையில் வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள்.

இந்த ஆண்டு நிதிக் கூட்டத்தில் கணக்குப் பார்க்கும் இளைஞர் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஒரே குழந்தையின் ஒரே அலையை இரண்டு பேர் பார்ப்பதற்கு ஏன் இரண்டு சம்பளம்?" லோதியன் அறிக்கையை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன், மேசைமேல் வைத்தேன். 109 நாள், நாலரை ஆண்டு என்ற இரண்டு எண்களின் கீழும் கோடு போட்டிருந்தேன். அவர் வாசித்தார். ஒரு முழுப் பதவி கேட்டதில் அரைப் பதவி கிடைத்திருக்கிறது. மீதி அரைக்கு ஏப்ரலில் புது நிதியாண்டு பிறந்ததும் மறுபடி விண்ணப்பம் போட வேண்டும்.